அது போட்டோ இல்லை... வரைந்த படம்! - கம்ப்யூட்டர் திரையில் ஒரு டிரான்சிஸ்டர் பிறக்கும் கதை

ஞாயிற்றுக்கிழமை பேப்பரைப் பிரித்தால், முழுப் பக்கத்துக்கு ஒரு மொபைல் போன் விளம்பரம். கண்ணாடியில் ஒரு தூசி இல்லை, ஒரு விரல் ரேகை இல்லை. ஓரத்து உலோகப் பட்டையில் வெளிச்சம் வெள்ளிக் கம்பி மாதிரி ஓடுகிறது. ‘என்னமா போட்டோ எடுத்திருக்காங்க பாரு!’ என்று வீட்டில் யாராவது ஒருவர் நிச்சயம் சொல்வார்.

பல நேரங்களில் அது போட்டோவே இல்லை. யாரோ ஒருவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, கோடு கோடாக, நிழல் நிழலாக உருவாக்கிய படம். போனின் உடம்பு நிஜப் போட்டோவாகவே இருந்தாலும், அதன் திரையில் தெரியும் காட்சி பெரும்பாலும் பிறகு ஒட்டப்பட்டதாக இருக்கும்.

சின்ன உதாரணம். ஐபோன் விளம்பரங்களில் திரையில் தெரியும் மணியைக் கவனித்திருக்கிறீர்களா? 9:41. எந்த ஊர் விளம்பரமானாலும் அதே 9:41தான். 2007 ஜனவரி 9-ம் தேதி ஸ்டீவ் ஜாப்ஸ் முதல் ஐபோனை மேடையில் அறிமுகம் செய்தார். பேச ஆரம்பித்துச் சுமார் 40 நிமிடத்தில் போனின் படம் பெரிய திரையில் வரும். அப்போது படத்தில் இருக்கும் நேரமும் பார்வையாளர்களின் கைக்கடிகார நேரமும் ஒத்துப்போக வேண்டும் என்று கணக்குப் போட்டார்களாம். முதல் போனுக்கு 9:42 என்று வைத்தார்கள். பிறகு அது 9:41 ஆனது. இதைச் சொன்னவர், அப்போது ஆப்பிளில் ஐபோன் மென்பொருளுக்குப் பொறுப்பாக இருந்த ஸ்காட் ஃபோர்ஸ்டால். கைக்கடிகார விளம்பரங்களில் முள் எப்போதும் 10:10-ல் நிற்பது போல, இதுவும் யாரோ யோசித்து வைத்த நேரம். நாம் ‘நிஜம்’ என்று பார்ப்பதில் எவ்வளவு திட்டமிடல் இருக்கிறது என்பதற்கு இந்த மூன்று எண்களே சாட்சி.

கேமரா இருக்கும்போது ஓவியம் எதற்கு?

நியாயமான கேள்விதான். பதில், ஒரு எவர்சில்வர் குடத்தை போட்டோ எடுத்துப் பார்த்தால் கிடைத்துவிடும். குடத்தைவிட அதில் நீங்கள்தான் நன்றாகத் தெரிவீர்கள்! கையில் பிடித்திருக்கும் போன், பின்னால் இருக்கும் டியூப்லைட், ஜன்னல், கொடியில் காயும் துணி... எல்லாமே குடத்துக்குள் வளைந்து நெளிந்து நிற்கும். எலெக்ட்ரானிக் சாதனங்களும் இப்படித்தான். கண்ணாடி, குரோம், பளபள பிளாஸ்டிக் என்று எதிரொளிக்கும் பரப்புகளே அதிகம். அவற்றைச் சுத்தமாகப் படம் எடுக்க ஸ்டுடியோவில் வெள்ளைத் துணிகள், அட்டைகள், விளக்குகள் என்று பெரிய ஏற்பாடே வேண்டும்.

இன்னொரு சிக்கல், திரை. எரிகிற திரையை கேமராவில் எடுத்தால் பட்டை பட்டையாக அலைக்கோடுகள் விழுகின்றன. திரைக்குச் சரியாக வெளிச்சம் வைத்தால் உடம்பு இருட்டாகிறது; உடம்புக்கு வைத்தால் திரை வெளுத்துப்போகிறது. அதனால்தான் பல விளம்பரங்களின் அடியில் எறும்பு எழுத்தில், ‘திரையில் தெரிவது மாதிரிக் காட்சி’ என்று போடுகிறார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. பெட்டியில் அச்சடிக்கவும், பேனர் வைக்கவும் படம் தேவைப்படும் நேரத்தில் அந்தச் சாதனம் ஃபேக்டரியிலிருந்து வந்தே இருக்காது. இல்லாத பொருளை எப்படிப் போட்டோ எடுப்பது? வரையத்தான் வேண்டும்.

இது எலெக்ட்ரானிக் பொருள்களோடு நிற்கவில்லை. ஃபர்னிச்சர் விற்கும் ஐகியா நிறுவனம் 2006-ல் ஒரு மர நாற்காலியைக் கம்ப்யூட்டரிலேயே உருவாக்கித் தன் கேட்டலாக்கில் சேர்த்தது. வாங்குபவர்கள் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அதன் பிறகு அந்த நிறுவனத்தின் பொருள்களில் பெரும்பகுதி கேமரா முன்னால் நிற்காமலேயே கேட்டலாக்கில் இடம்பிடித்தன. 

இருட்டறையில் முளைத்த விதை

இந்த வேலைக்கு உலகம் முழுக்கப் பெயர்போன மென்பொருள் ஃபோட்டோஷாப். அதன் கதையே ஒரு குடும்பக் கதை. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் க்ளென் நோல், வீட்டின் அடித்தளத்தில் போட்டோ கழுவும் இருட்டறை ஒன்று வைத்திருந்தார். அப்பாவோடு அந்த இருட்டறையில் படம் கழுவிப் பழகியவர் மகன் தாமஸ் நோல். 1987-ல், பிஎச்.டி. படிப்புக்கு நடுவே, கறுப்பு - வெள்ளைப் புள்ளிகளை மட்டுமே காட்டத் தெரிந்த தன் மேக்கின்டாஷ் கம்ப்யூட்டரில் சாம்பல் நிறச் சாயல்களையும் கொண்டுவர ஒரு சின்ன புரோகிராம் எழுதினார். சினிமா ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த சகோதரர் ஜான் நோல் அதைப் பார்த்தார். ‘இதை விற்கலாமே’ என்றார். அடோபி நிறுவனம் உரிமை வாங்க, 1990 பிப்ரவரியில் ஃபோட்டோஷாப் 1.0 வெளியானது.

ஃபோட்டோஷாப்பைத் திறந்தவர்களுக்கு ஒரு பெயர் ஞாபகம் இருக்கலாம். மென்பொருள் திறக்கும் அந்தச் சில விநாடிகளில் ஓடும் பெயர்ப் பட்டியலில் ‘சீதாராமன் நாராயணன்’ என்று நம்ம ஊர்ப் பெயர் ஒன்று வரும். பல ஆண்டுகள் ஃபோட்டோஷாப்பை வளர்த்த பொறியாளர்களில் ஒருவர் அவர். டி.டி.பி. சென்டர்களிலும் கல்யாண ஆல்பம் ஸ்டுடியோக்களிலும் உட்கார்ந்திருந்த எத்தனையோ பேருக்கு அந்தப் பெயரைப் பார்ப்பதில் ஒரு தனிச் சந்தோஷம்.

1994-ல் வந்த 3.0 பதிப்பில் ‘லேயர்’ என்கிற வசதி சேர்ந்தது. படம் வரைபவர்களின் வாழ்க்கையை மாற்றியது இதுதான். கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒன்றில் பெட்டி, இன்னொன்றில் பட்டன், மற்றொன்றில் நிழல் என்று வரைந்தால் எப்படி இருக்கும்? மேலிருந்து பார்த்தால் ஒரே படம். ஆனால், பட்டனை மட்டும் நகர்த்தலாம். நிழலை மட்டும் குறைக்கலாம். ஒன்றைத் திருத்தப்போய் இன்னொன்றைக் கெடுக்கும் பயம் இல்லை.

ஐந்து லட்சம் அடுக்குகளில் ஒரு தெரு

இந்த வசதியை எந்த எல்லைக்குக் கொண்டுபோகலாம் என்று காட்டியவர் பெர்ட் மன்ராய். நியூயார்க்கில் பிறந்து வளர்ந்தவர். விளம்பரத் துறையில் ஆர்ட் டைரக்டராக இருந்தவர். 1984-ல் மேக்கின்டாஷ் வந்ததும் தூரிகையை வைத்துவிட்டு மவுஸைக் கையில் எடுத்தார். ஃபோட்டோஷாப் பற்றி வெளியான ஆரம்பகாலப் புத்தகங்களில் ஒன்றை டேவிட் பைட்னியுடன் சேர்ந்து எழுதியவரும் இவர்தான்.

2006-ல் இவர் முடித்த ‘டேமன்’ என்கிற படம், சிகாகோ நகரின் ஒரு ரயில் நிலையம். பார்ப்பவர்கள் எல்லோரும் போட்டோ என்றே சத்தியம் செய்வார்கள். ஆனால், அதில் ஒரு துண்டுகூடப் போட்டோ இல்லை. 11 மாத உழைப்பு. 15,000-க்கும் மேற்பட்ட லேயர்கள். துரு, தண்டவாளம், ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் மங்கலாகத் தெரியும் கட்டடம் எல்லாம் கையால் போட்டவை.

அதையும் தாண்டியது 2011-ல் வெளியான ‘டைம்ஸ் ஸ்கொயர்’. நியூயார்க்கின் அந்தப் பரபரப்பான சதுக்கத்தை 25 அடி நீளம், 5 அடி உயரப் படமாக வரைய அவருக்கு நான்கு வருடம் பிடித்தது. மொத்தம் ஐந்து லட்சத்துக்கும் அதிகமான லேயர்கள். ஒரே படமாக அழுத்திச் சுருக்கிய பிறகும் 6.52 ஜி.பி.! எலெக்ட்ரானிக் விளம்பரப் பலகைகள், பல்புகள், ஒயர்கள், போக்குவரத்து விளக்குகள் எல்லாமே தனித்தனியாக வரையப்பட்டவை. தெருவில் நடக்கும் கூட்டத்தில் ஃபோட்டோஷாப் உலகத்தைச் சேர்ந்த நிஜ மனிதர்களையும் வரைந்து சேர்த்திருக்கிறார்.

‘ஒரு போட்டோ எடுத்தால் ஒரு விநாடியில் முடியுமே?’ என்று கேட்கலாம். கேமரா ஒரு நேரத்தில் ஓர் இடத்தில்தான் ஃபோகஸ் செய்யும். மன்ராயின் படத்தில் முன்னால் நிற்பவரின் சட்டைப் பொத்தானும் துல்லியம், தூரத்துக் கட்டடத்தின் ஜன்னலும் துல்லியம். கேமராவால் பார்க்க முடியாததை, பொறுமையான கண் பார்க்கும். வரைவதன் லாபம் அதுதான்.

டிரான்சிஸ்டர் வரையலாம், வாங்க!

25 அடிப் படம் எல்லாம் வேண்டாம். வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ ஒன்று போதும். விலை கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டும் என்றும் இல்லை. கிம்ப், கிரிட்டா இரண்டும் இலவசமாகவே கிடைக்கின்றன. எதில் வரைந்தாலும் வழி ஒன்றுதான்.

முதலில், பார்ப்பது: ரேடியோவை மேசைமேல் வையுங்கள். ஜன்னல் எந்தப் பக்கம்? வெளிச்சம் எங்கிருந்து வருகிறது? இதை முடிவு செய்யாமல் ஆரம்பித்தால் படம் கடைசிவரை பொம்மையாகவே இருக்கும். குமிழுக்கு இடப்பக்க வெளிச்சமும் ஆன்டெனாவுக்கு வலப்பக்க வெளிச்சமும் போட்டுவிட்டு, ‘எங்கேயோ இடிக்குதே’ என்று விழிப்பது புதிதாக வரைபவர்கள் எல்லோரும் செய்யும் தப்பு. நேராக, பக்கவாட்டில், மேலிருந்து என நாலைந்து போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டுவதற்கு அல்ல, பார்த்துப் பார்த்து வரைவதற்கு.

பிறகு, அளவு: ஏ4 தாளில் தெளிவாக அச்சிட வேண்டுமானால், ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வீதம் 2480-க்கு 3508 பிக்ஸல் தேவை. சின்னதாக வரைந்துவிட்டுப் பிறகு பெரிதாக்கினால் கோடுகள் எல்லாம் படிக்கட்டு மாதிரி ஆகிவிடும். துணி தைப்பதற்கு முன்னால் அளவெடுப்பது போலத்தான் இதுவும்.

உடம்பு: பென் டூலால் பெட்டியின் ஓரங்களை இழுத்து, உள்ளே நிறம் நிரப்புங்கள். இப்போது அது வெறும் வண்ணக் காகிதம். அதைப் பிளாஸ்டிக்காக மாற்றுவது ‘கிரேடியன்ட்’. ஒரு நிறம் மெள்ள மெள்ள இன்னொன்றாக மாறும் வித்தை. வெளிச்சம் படும் மேல் பகுதி இளசாக, கீழே போகப்போக அடர்த்தியாக. ‘வெள்ளை ரேடியோவுக்கு வெள்ளைதானே?’ என்றால், இல்லை! ஜன்னல் பக்கம் லேசான நீலம், மேசையை ஒட்டிய அடிப்பகுதியில் மரத்தின் பழுப்பு, நடுவில் சாம்பல். நிஜத்தில் வெள்ளைப் பொருளில் தூய வெள்ளை கொஞ்சம்தான் இருக்கும்.

ஓரங்கள்: கத்தி போல வெட்டிய விளிம்பு எந்த ரேடியோவுக்கும் கிடையாது. விளிம்பு எல்லாமே கொஞ்சம் மழுங்கியிருக்கும். அந்த மழுங்கலில் மெல்லிய வெளிச்சக் கோடு ஒன்று ஓடும். இரண்டு மூன்று பிக்ஸல் அகலத்தில் அந்தக் கோட்டைப் போட்டதும், தட்டையாகக் கிடந்த படம் சட்டென்று எழுந்து உட்காரும்.

ஸ்பீக்கர் துளைகள்: இங்கேதான் நம் மூளையின் ஒரு ரகசியம் கைகொடுக்கிறது. சூரியன் மேலே இருப்பதால், வெளிச்சம் எப்போதும் மேலிருந்தே வருகிறது என்று மூளை எடுத்துக்கொள்கிறது. மேல் விளிம்பில் வெளிச்சமும் கீழ் விளிம்பில் நிழலும் இருந்தால் அது மேடு. மேலே நிழலும் கீழே வெளிச்சமும் இருந்தால் அது பள்ளம். பட்டனுக்கு முதல் வழி. துளைக்கு இரண்டாவது வழி. சந்தேகம் இருந்தால், வரைந்த பட்டனைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். மேடு பள்ளமாகிவிடும்! ஒரு துளையைச் சரியாக வரைந்துவிட்டால் போதும். மிச்சத்தை நகல் எடுத்து அடுக்கிக்கொள்ளலாம். ஆனால், எல்லாத் துளையும் அச்சடித்தாற்போல இருந்தால் கண் காட்டிக்கொடுத்துவிடும். ஓரிரண்டு துளைகளில் தூசி அடைத்திருக்கட்டும்.

குமிழ்: வால்யூம் குமிழின் முகத்தில் இருக்கும் உலோகத் தகட்டைக் கவனியுங்கள். வட்ட வட்டமாகத் தீட்டியிருப்பார்கள். வெளிச்சம் அதில் மையத்திலிருந்து விசிறி போல இரண்டு பக்கமும் விரியும். மையத்தைச் சுற்றிச் சுழலும் கிரேடியன்ட் ஒன்றைப் போட்டு, அதன்மேல் நுண்ணிய புள்ளிகளைத் தூவி, அவற்றைச் சுழல விட்டு மங்கலாக்கினால் தீட்டிய உலோகம் தயார். நேராகத் தீட்டிய தகடு என்றால், அதே புள்ளிகளைக் கிடைமட்டமாக இழுத்துவிட வேண்டும்.

ஆன்டெனா: குரோமுக்கு என்று சொந்த நிறமே கிடையாது. சுற்றி இருப்பதைத்தான் அது காட்டும். அதனால் குரோம் வரைவது என்றால் சுற்றுப்புறத்தைச் சுருக்கி வரைவது. மேலே வானத்தின் இள நீலம், நடுவில் அடிவானம் போல ஒரு கறுப்புக் கோடு, கீழே தரையின் பழுப்பு. இவை மூன்றும் ஒன்றுக்கொன்று சட்டென்று மாற வேண்டும். மெதுவாக மாறினால் அது குரோம் அல்ல, சாம்பல் நிறக் குழாய்!

அலைவரிசைக் கண்ணாடி: இங்கே கவனமாகப் பார்த்தவருக்கும் ஒப்பேற்றியவருக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்துவிடும். மீடியம் வேவ் வரிசையில் 54, 60, 70, 80, 100, 120, 140, 160 என்று எண்கள் இருக்கும். அவசரத்தில் வரைபவர் ஸ்கேல் மாதிரி சம இடைவெளியில் குறித்துவிடுவார். பல ரேடியோக்களில் அப்படி இருக்காது. சின்ன எண்கள் தாராளமாக இடம்விட்டு நிற்கும். பெரிய எண்கள் பக்கம் போகப்போக நெருக்கும். உள்ளே சுழலும் கண்டென்சரின் தகடுகள் அப்படி. இலங்கை வானொலியைத் தேடி முள்ளை மயிரிழை மயிரிழையாக நகர்த்திய கைகளுக்கு இது நன்றாகத் தெரியும். எண்களுக்கு மேலே கண்ணாடி வருகிறது. கண்ணாடியின் மினுமினுப்புக்குக் கூர்மையான ஓரம் வேண்டும். ஜன்னலின் வடிவத்திலேயே ஒரு வெள்ளைக் கட்டத்தைச் சாய்த்துப் போட்டு, அதன் அடர்த்தியைப் பாதிக்கும் கீழே குறைத்துவிட்டால் கண்ணாடி வந்துவிடும்.

நிழல்: ரேடியோ மேசையைத் தொடும் இடத்தில் நிழல் மெல்லியதாக, கறுப்பாக, கூர்மையாக இருக்கும். விலக விலக அகலமாகி, வெளுத்து, மங்கும். இரண்டையும் ஒரே லேயரில் போடாமல் தனித்தனியாகப் போடுங்கள். நிழல் சரியில்லை என்றால், எவ்வளவு அழகாக வரைந்த ரேடியோவும் அந்தரத்தில் மிதக்கும்.

கடைசியாக, தேய்மானம்: பளிச்சென்று முடித்துவிட்டுப் பார்த்தால் ஏதோ குறைகிறதே என்று தோன்றும். குறைவது வாழ்க்கை! வால்யூம் குமிழைச் சுற்றி எழுத்து அழிந்திருக்கும், தினம் விரல் பட்டதால். பேட்டரி மூடியின் ஓரத்தில் நகக் கீறல்கள். கைப்பிடி பொருந்தும் இடத்தில் அழுக்கு. தோல் உறை இருந்தால், தையல் ஓரிடத்தில் விட்டுப்போயிருக்கும். இவற்றைச் சேர்த்ததும், ‘ஒரு ரேடியோ’ என்பது ‘தாத்தாவின் ரேடியோ’ ஆகிவிடுகிறது.

திரைக்குள் ஒரு டேப் ரிக்கார்டர்

இப்படிச் சாதனங்களை நிஜம்போல வரைவது ஒரு காலத்தில் நம் போன்களுக்குள்ளேயே நடந்தது. முதல் ஐபோனில் இருந்த கால்குலேட்டரின் வட்ட பட்டன்கள், ஜெர்மனியின் பிரவுன் நிறுவனத்துக்காக டீட்டர் ராம்ஸும் டீட்ரிச் லூப்ஸும் வடிவமைத்த நிஜக் கால்குலேட்டரை நினைவுபடுத்தின. 2012-ல் ஆப்பிளின் பாட்காஸ்ட் செயலியைத் திறந்தால் திரைக்குள் ஒரு பழைய டேப் ரிக்கார்டர் சுற்றியது. குறிப்புப் புத்தகத்துக்கு மஞ்சள் தாள், புத்தக அலமாரிக்கு மரப் பலகை.

காரணம் எளிமையானது. தொடுதிரை புதிது. எதை அழுத்துவது என்று ஜனங்களுக்குத் தெரியாது. தெரிந்த பொருளின் முகத்தைக் காட்டினால் கை தானாகப் போகும். எல்லோருக்கும் பழகிய பிறகு, 2013-ல் வந்த ஐ.ஓ.எஸ். 7 அந்த நிழல்களையும் தோல் தையல்களையும் துடைத்துவிட்டது. ஆனாலும் முழுக்கப் போகவில்லை. கால் செய்யும் பட்டனில் இன்றும் இருப்பது பழைய லேண்ட்லைன் ரிசீவர்தான். அந்த ரிசீவரைக் கையில் பிடித்தே பார்க்காத குழந்தைக்கும் அதன் அர்த்தம் தெரிகிறது!

படத்தை நம்பி ஏமாந்தால்?

இந்தக் கலைக்கு இன்னொரு முகமும் உண்டு. பர்ஸைத் தொடும் முகம்.

2018-ல் லெனோவோ தன் புதிய மாடலுக்கு முன்னோட்டமாக ஒரு வரைபடத்தை வெளியிட்டது. ஓரமே இல்லாமல், முகம் முழுக்கத் திரை. மொபைல் பிரியர்கள் கொண்டாடித் தீர்த்தார்கள். ஜூன் மாதம் நிஜப் போன் வந்தபோது, மேலே திரையை வெட்டிய ஒரு பள்ளம், கீழே தடித்த ஓரம்! அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவில் ஆப்பிள்மீது ஒரு வழக்கு. விளம்பரப் படங்களில் மேல்பகுதி கறுப்பாக இருக்கும் பின்னணிக் காட்சியைப் போட்டு, திரையின் வெட்டுப் பகுதி தெரியாதபடி மறைத்துவிட்டார்கள் என்பது வழக்குப் போட்டவர்களின் குற்றச்சாட்டு. வரைபவரின் கையில் இருக்கும் ஒரு கறுப்புப் பட்டை, நீதிமன்றம்வரை போகும் அளவுக்குக் கனமானது.

அதனால், ஆன்லைனில் மிக்ஸி முதல் டி.வி. வரை எதை வாங்கினாலும் முதல் படத்தோடு நிற்காதீர்கள். அகலம், உயரம், எடை ஆகியவை எண்ணில் இருக்கும். படம் மிகைப்படுத்தலாம், மில்லிமீட்டர் கணக்கு அப்படிச் செய்வது கடினம். ஸ்கேலை வைத்துச் சுவரில் அளந்து பாருங்கள். வாங்கியவர்கள் வீட்டு வெளிச்சத்தில் எடுத்துப்போட்ட போட்டோக்களைத் தேடிப் பாருங்கள். அழகில்லாத அந்தப் படங்கள்தான் உண்மைக்குப் பக்கத்தில் இருப்பவை. ‘படம் சித்திரிப்புக்காக மட்டுமே’ என்ற வரி இருந்தால், எது எது பெட்டிக்குள் வரும் என்ற பட்டியலைப் படியுங்கள். பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுத்து வைப்பதும் நல்லது.

ஏமாற்றும் விளம்பரத்துக்கு எதிராகச் சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தவறான தகவல் தரும் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய்வரை அபராதம் விதிக்க முடியும். திரும்பத் திரும்பச் செய்தால் 50 லட்சம்வரை. புகார் செய்ய, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

ஏ.ஐ. வந்தாச்சே... இனி எதுக்கு?

2023-ல் ஃபோட்டோஷாப்பிலேயே படம் உருவாக்கும் செயற்கை நுண்ணறிவு நுழைந்துவிட்டது. நாலு வார்த்தை தட்டினால் படம் வந்து நிற்கிறது. ‘பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ, மர மேசை, காலை வெளிச்சம்’ என்று கேட்டால் விநாடிகளில் கண்ணைப் பறிக்கும் படம் ஒன்று கிடைக்கலாம். அப்படியானால் பென் டூலோடு மல்லுக்கட்டும் இளைஞர்களின் கதி?

வேலைகள் மாறும் என்பது உண்மை. முன்பு ஸ்டுடியோக்களில் நெகட்டிவ்மேல் பென்சிலால் ‘டச்சிங்’ செய்தவர்களின் வேலையை ஃபோட்டோஷாப் எடுத்துக்கொண்டது போல, இப்போது ஃபோட்டோஷாப் ஆர்ட்டிஸ்ட்டின் வேலையில் ஒரு பகுதியை ஏ.ஐ. எடுத்துக்கொள்ளும். ஆனால், ஏ.ஐ. தந்த ரேடியோவைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பாருங்கள். அலைவரிசை எண்கள் வரிசை தப்பியிருக்கலாம். ஆன்டெனா எங்கும் பொருந்தாமல் நிற்கலாம். குமிழ் ஒரு பக்கம், நிழல் வேறு பக்கம் இருக்கலாம். அது எண்ணற்ற ரேடியோ படங்களைக் கலந்து கொடுத்த ஒரு ரேடியோ. யார் வீட்டு ரேடியோவும் இல்லை.

அந்தத் தப்பைக் கண்டுபிடிக்க ஒரு கண் வேண்டும். ஒரு துளையை, ஒரு குமிழை, ஒரு நிழலைத் தன் கையால் வரைந்து பார்த்தவரின் கண் அது. ஒரு முறை குரோம் வரைந்தவருக்கு அதன் பிறகு எவர்சில்வர் டம்ளர்கூட வெறும் டம்ளராகத் தெரியாது. விளம்பரத்தைப் பார்க்கும்போதும், ‘இந்த வெளிச்சம் எங்கிருந்து வருது?’ என்று மனசு தானாகக் கேட்கும். அப்படிக் கேட்கத் தெரிந்த பிள்ளையை எந்தப் படமும் சுலபத்தில் ஏமாற்றிவிட முடியாது.

லீவு நாளில் பிள்ளைகள் போனும் கையுமாக இருக்கிறார்களா? பரணிலிருந்து அந்த ரேடியோவை இறக்கிக் கொடுங்கள். பேட்டரி கசிந்து துருப்பிடித்திருக்கும், மூடி உடைந்திருக்கும், பாடவே பாடாது. பரவாயில்லை. ‘எடைக்குப் போடறதுக்கு முன்னாடி இதைக் கம்ப்யூட்டர்ல வரைஞ்சு கொடு’ என்று சொல்லிப் பாருங்கள். முதல் நாள் அது சோப்பு டப்பா மாதிரி வரும். நாலாவது நாள் பெட்டி மாதிரி வரும். ஒரு வாரம் கழித்து, வால்யூம் குமிழ் பக்கத்தில் எழுத்து ஏன் அழிந்திருக்கிறது என்று பிள்ளை வந்து கேட்கும்.

அப்போது சொல்வதற்கு உங்களிடம் ஒரு கதை இருக்கும். தினமும் காலையில் செய்தி கேட்க அந்தக் குமிழைத் திருகிய விரல் யாருடையது என்று!